ஞாயிற்றுக்கிழமை யார் கொடுத்தது?

தமிழ்நாட்டில் மீனுக்கு அதிகக் கிராக்கி உள்ள நாள் எது என்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லும்... ஞாயிற்றுக்கிழமை! பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து, "நேத்து மீனா, இன்னிக்கு மீனா?" என்று சி.பி.ஐ. ரேஞ்சுக்கு விசாரணை நடத்துகிற நாள்.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். நேத்து மீன்தான். மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல் என்று இந்தக் கரையோரம் வரிசையாக இருக்கும் கத்தோலிக்கப் பரதவர் ஊர்களில், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். டிமாண்ட் உச்சத்தில் இருக்கும் நாளில் சப்ளை பூஜ்யம்! பி.காமில் எனக்குப் பொருளாதாரம் எடுத்த பேராசிரியர் இதை யோசித்துப் பார்த்திருந்தால், போர்டில் போட்ட கோட்டை அழித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

எனக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி அக்கறை உண்டு. நான் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். பெயரிலேயே 'ஃப்ரீ' இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். 'லான்ஸ்' என்றால் ஈட்டி. எந்த ராஜா காசு கொடுக்கிறானோ அவனுக்காக ஈட்டி தூக்குகிற கூலிப்படை வீரனைச் சொல்ல வந்த வார்த்தை அது. எனக்கு மேனேஜர் கிடையாது, பஞ்ச் கார்டு கிடையாது, ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. ஏழு நாளும் எனக்குத் திங்கட்கிழமைதான். இப்படிப்பட்ட சுதந்திர புருஷனுக்கு, வாரத்தில் ஒரு நாள் கடலையே பூட்டி வைத்துவிட்டுப் பூசைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் பொறாமை வருமா, வராதா?

திரேஸ்புரம் பக்கம் ஒரு டீக்கடை. ஐம்பதைத் தாண்டிய ஒரு வள்ளத்துக்காரர், கூட அவருடைய அக்கா மகன். பையனுக்கு இருபத்தாறு இருக்கும். நான் நேரடியாகவே கேட்டேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை போனாதான் என்ன?"

"பூசைக்கு யாரு போவா?"

"பூசை ஒரு மணி நேரம்தானே? முடிச்சிட்டுப் போகலாமே!"

அவர் சிரித்தார். "தம்பி, நான் சும்மா கிடக்கணும்னா எல்லாரும் சும்மா கிடக்கணும். பக்கத்து வள்ளத்துக்காரன் போயி ஒரு பெட்டி நண்டு கொண்டாந்தான்னு வையி, அடுத்த வாரம் நான் வீட்டுல படுத்திருப்பேனா? என் பொஞ்சாதிதான் விடுவாளா? அதுக்கு அடுத்த வாரம் எல்லாவனும் போவான். அன்னைக்குத்தான் எல்லாவனும் போறாம்லா, வெல விழுந்துரும். அப்புறம் ஞாயித்துக்கிழமையும் கிடையாது, துட்டும் கிடையாது."

மருமகன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "மாமா சொல்லுதது சரிதான். ஆனா போறதும் போகாததும் என் இஷ்டமா இருக்கணும்லா? ஞாயித்துக்கிழமைன்னு பேங்க்காரன் எஞ்சின் கடனுக்கு வட்டியை நிப்பாட்டுதானா?"

அவ்வளவுதான் சார். மேற்கே பல நூற்றாண்டாக மண்டையை உடைத்துக்கொண்ட சமாசாரம் எட்டு ரூபாயோ பத்து ரூபாயோ கொடுத்த டீயில் முடிந்துவிட்டது. விடுதலை என்பது என் இஷ்டப்படி நடப்பதா? அல்லது என் இஷ்டமே என்னைப் பிடித்து ஆட்டாமல் இருப்பதா? மருமகன் முதல் கட்சி. மாமா இரண்டாவது கட்சி. வட்டி மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் ஏழு நாளும் ஓடுகிறது.

முதல் கட்சிக்குப் பெரிய வக்கீல் ஜான் ஸ்டூவர்ட் மில். 1859-ல் வந்த அவருடைய 'சுதந்திரம் பற்றி' என்ற புத்தகம், அடுத்தவனுக்குக் கெடுதல் இல்லாதவரை ஒரு மனிதன் தன் இஷ்டப்படி இருக்கலாம், அரசாங்கமோ ஊரோ மூக்கை நுழைக்கக்கூடாது என்று வாதாடியது. இன்றைக்கு நாம் சுதந்திரம் என்று பேசுவதில் முக்கால்வாசி அவரிடம் வாங்கிய கைமாற்று. ஆபீஸ்வாசிகளுக்கு இன்னொரு செய்தி: மில் நம்ம ஜாதி! 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீசில் உத்தியோகம் பார்த்தவர். இந்தியாவுக்குப் போகிற கடிதங்களுக்கு டிராஃப்ட் போட்டுக்கொண்டே தத்துவமும் எழுதினார். நம்மைப் போல!

அந்தப் புத்தகத்திலேயே அவர் ஞாயிற்றுக்கிழமை பற்றிப் பேசுகிறார். ஞாயிறன்று ஆட்டம் பாட்டம் கூடாது, ரயில் விடக்கூடாது என்று அங்கே சில பக்திமான்கள் சட்டம் கேட்டுக்கொண்டிருந்த காலம். அதெல்லாம் அராஜகம் என்று மில் விளாசுகிறார். ஆனால் ஒரே ஒரு இடத்தில் இறங்கி வருகிறார். வாரம் ஒரு நாள் ஓய்வு நல்ல பழக்கம். சிலர் வேலை செய்தால் மற்றவர்களும் செய்தே ஆக வேண்டிய நெருக்கடி வந்துவிடும். ஆகவே பெரிய தொழில்களை அன்றைக்கு நிறுத்திவைக்கச் சட்டம் போட்டால் தப்பில்லை என்கிறார். திரேஸ்புரம் மாமா மில் படித்ததில்லை. மில் நண்டு பிடித்ததில்லை. இரண்டு பேரும் வந்து சேர்ந்த இடம் ஒன்று.

நிற்க. மாமாவின் ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரைக்கு எப்படி வந்தது? அது ஒன்றும் பூப்போல வந்து இறங்கவில்லை.

1530-களில் முத்துக்குளித்துறையில் பெரிய அடிதடி. முத்துக்குளிக்கும் உரிமை யாருக்கு என்பதில் பரதவருக்கும் முஸ்லிம் வியாபாரிகளுக்கும் மோதல். முத்து எடுப்பவன் கை எப்போதும் கீழே, விற்பவன் கை மேலே. இது எந்தத் தொழிலிலும் உள்ள கதைதான். கள்ளிக்கோட்டைக் குதிரை வியாபாரி ஒருவர், ஏற்கெனவே கிறிஸ்தவரானவர், ஜோவான் த குரூஸ் என்று பெயர். "போர்த்துக்கீசியரிடம் போங்கள், அவர்கள் மதத்தில் சேர்ந்தால் அவர்கள் கப்பல் உங்களுக்குத் துணை வரும்" என்கிற ரீதியில் யோசனை சொன்னார். பட்டங்கட்டிகள், அதாவது ஊர்த் தலைவர்கள், கொச்சிக்குப் போனார்கள். 1535 முதல் 1537-க்குள் கரை முழுக்க ஏறக்குறைய இருபதாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இதைச் சிலர் ஆன்மிக எழுச்சி என்பார்கள், சிலர் வெறும் அரசியல் பேரம் என்பார்கள். எனக்கு இரண்டுமே அரைக் கிணறு தாண்டின மாதிரிதான் தெரிகிறது. ஒரு எஜமானனிடமிருந்து விடுபட இன்னொரு எஜமானனைத் தேடிப் போனார்கள். போன இடத்தில், போகும்போது நினைக்காத ஒன்று கிடைத்தது. சாதாரணப் பரதவனை யாரும் தனியாகக் கூப்பிட்டு "உன் இஷ்டம் என்ன?" என்று கேட்டதாகத் தெரியவில்லை. பட்டங்கட்டி போனார், ஊர் போனது. மில் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார்.

புதிய எஜமானர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முத்துக்குளிப்பு வருமானத்தில் போர்த்துக்கல் ராணிக்கு ஆண்டுதோறும் 4,000 பணம் போனது. எதற்கு? ராணியின் செருப்புச் செலவுக்கு! சத்தியமாக, கணக்கில் எழுதிய தலைப்பே அதுதான். இங்கே ஒருவன் இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி பொறுக்குகிறான். லிஸ்பனில் ஓர் அம்மாள் ஜோடு மாற்றுகிறாள்! பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு நேர்மையாகத் தலைப்புப் போட்ட வரி வேறெதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

1542 அக்டோபரில் இந்தக் கரையில் வந்து இறங்கினார் சவேரியார். அந்தச் செருப்புக் காசைக் கேட்டு ராணிக்கே எழுதியவர் அவர். அந்தப் பணம் இங்கே பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்களின் சம்பளமாகட்டும், சொர்க்கத்துக்கு ஏற ராணியம்மாளுக்கு அதைவிட நல்ல செருப்புக் கிடையாது என்கிற மாதிரி வாதம். பணம் கிடைத்தது! இந்த மனிதர் இன்றைக்கு இருந்தால் எந்தக் கம்பெனியிலும் ஃபைனான்ஸ் டைரக்டரிடம் பட்ஜெட் வாங்கிவிடுவார்.

தமிழ் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. இரண்டு மொழியும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்களைப் பிடித்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆண், பெண், கிழவர், குழந்தை அத்தனை பேரையும் கூட்டிவைத்து, அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வைத்தார். இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் தனியாக நிமிர்ந்து நின்றது அப்போதுதான்.

இங்கேதான் எனக்குப் பிடித்த கட்டம். 1544-ல் தன் உதவியாளர் மன்சிலாஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் சவேரியார் இரண்டு பிழைகளைத் திருத்தச் சொல்கிறார். இறைநம்பிக்கை அறிக்கையில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில், மொழிபெயர்த்தவர்கள் 'எனக்கு வேணும்' என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இத்தனை நாளும் கரை முழுக்க ஜனங்கள் கடவுளை 'எனக்கு வேணும்... எனக்கு வேணும்...' என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! இனிமேல் 'வேணும்' வேண்டாம், 'விசுவாசம்' போடு என்கிறார். அடுத்தது, கிறிஸ்து பாடுபட்ட இடத்தில் 'வன்பினாலே' என்று இருந்தது. வன்பு என்றால் பலவந்தம். கிறிஸ்து யாரோ பலவந்தப்படுத்திப் பாடுபடவில்லை, தன் விருப்பத்தால் பாடுபட்டார். அதனால் அந்த வார்த்தையையும் எடு என்கிறார்.

தமிழ் தெரியாத ஸ்பானியர் ஒருவர், தமிழில் மாற்றச் சொன்ன அந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வேணும், வன்பு. கிறிஸ்தவம் விடுதலை என்று எதைச் சொல்கிறது என்பது அதற்குள் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் பலவந்தம் வன்பு. உள்ளேயிருந்து வரும் பலவந்தம் வேணும். முதலாவது போனால் மட்டும் ஆள் விடுதலையாகிவிட்டான் என்று நவீன காலம் நம்புகிறது. இரண்டாவதும் போனால்தான் என்கிறது பழைய கட்சி.

பவுலிலிருந்து அகஸ்தீன் வரை அத்தனை பேரும் இதைத்தான் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். மனிதன் எப்போதும் ஏதோ ஒன்றுக்கு வேலைக்காரன், எந்த எஜமான் என்பதுதான் கேள்வி. அகஸ்தீன் (354–430) வாலிபத்தில் சரியான ஆள். ஒழுக்கம் வேண்டும் என்று ஆண்டவனிடம் கேட்டாராம். கூடவே, அவசரமில்லை, மெதுவாகத் தந்தால் போதும் என்பது போலவும் சேர்த்துக்கொண்டாராம். 'திங்கட்கிழமையிலிருந்து சிகரெட்டை விடுகிறேன்' பேர்வழிகளுக்கெல்லாம் அவர்தான் ஆதி குரு. தன்னை யாரும் கட்டிப்போடவில்லை, தன் ஆசைதான் சங்கிலி என்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் அகஸ்தீன் ஆனார். லூத்தர் 1520-ல் கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றி எழுதிய சிறு நூலில், கிறிஸ்தவன் யாருக்கும் அடிமையில்லை, அதே சமயம் எல்லோருக்கும் ஊழியன் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார்.

எனக்கு ஒரு சின்ன ஆட்சேபம் உண்டு. நம்ம ஊர் பக்தியில் சாமியைப் பார்த்து 'நீ எனக்கு வேணும்' என்று அடம்பிடிப்பது ஒன்றும் தாழ்ந்த சரக்கு இல்லை. மொழிபெயர்த்த அந்தப் பரதவர் ஒருவேளை தெரிந்தேகூடப் போட்டிருக்கலாம்! ஆனால் சவேரியார் கவலை நியாயமானது. 'வேணும்' என்று ஆரம்பித்தால் நடுவில் நான் உட்கார்ந்துவிடுகிறேன். கடவுளே வந்தாலும் என் ஷாப்பிங் லிஸ்ட்டில் ஓர் ஐட்டம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் கதை முழுசாகாது. 'வன்பு' என்ற வார்த்தையை ஜெபத்திலிருந்து எடுத்தவர், ஊரிலிருந்து எடுக்கவில்லை. சாராயம் குடிக்கும் பெண்களுக்கு அபராதமும் காவலும் போடச் சொன்ன கடிதங்களும் அதே ஆண்டில், அதே உதவியாளருக்குத்தான் போயிருக்கின்றன. உள்ளேயிருக்கும் சங்கிலியை அறுப்பதற்கு வெளியே ஒரு சங்கிலி! இந்த இடத்தில் நான் மருமகன் கட்சி.

சந்தோஷ விஷயத்துக்கு வருவோம். எங்கள் ஊர் மக்ரூன் தெரியும்தானே? முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. வாயில் போட்டால் கரையும் வெள்ளைக் கோபுரம். முதல் மக்ரூன் சொர்க்கம். இரண்டாவது, சொர்க்கத்தின் வாசல். ஆறாவது, 'யாராவது எடுத்துக்குங்களேன்.' பி.காம். முதல் வருஷத்தில் இதற்குக் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று பெயர் வைத்துப் பத்து மார்க்குக்குக் கேட்டார்கள். வேணும் என்பது கிடைத்ததும் குறைகிறது. ஆகவே அடுத்த வேணும். விளம்பரத் தொழில் முழுக்க அந்த ஆறாவது மக்ரூனுக்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

இன்றைக்கு உலக மகிழ்ச்சி அறிக்கை என்று ஒன்று ஆண்டுதோறும் வருகிறது. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், பூஜ்யத்திலிருந்து பத்து வரை படி, உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் இருக்கிறது என்று ஜனங்களிடம் கேட்டுப் பட்டியல் போடுகிறார்கள். 2018 முதல் 2025 வரை தொடர்ந்து பின்லாந்து முதலிடம். 2025-ல் இந்தியா 118. நல்ல முறைதான், என் சந்தோஷத்தை என்னிடமே கேட்கிறார்கள், மரியாதை. ஆனால் இதே ஏணியோடு மலைப்பொழிவில் இயேசு சொன்ன பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழைகள், அழுகிறவர்கள், நீதிக்காக அடிபடுகிறவர்கள்... இவர்களைப் போய்ப் பேறுபெற்றோர் என்கிறார்! சர்வேக்காரர் வந்து கேட்டால் இத்தனை பேரும் இரண்டாம் படியில்தான் இருப்பார்கள். அங்கே சந்தோஷம் என்பது மனசின் தட்பவெப்பம் இல்லை, நிற்கிற இடம். இதை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அழுகிறவனைப் பேறுபெற்றவன் என்று சொல்லிச் சொல்லியே அவனை அழவைத்துக்கொண்டிருந்த முதலாளிகளும் உலகத்தில் உண்டு.

அந்த முதலாளிகளுக்கு இதே தூத்துக்குடியில் பதில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டாவது அப்பன் வந்தது அப்படித்தான்.

ஹார்வி கம்பெனியின் கோரல் மில். ஹார்விகள் பிரிட்டிஷ்காரர்கள். அவர்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பஞ்சாலை ஓடாது. இங்கே ஓடியது! விடிந்தது முதல் பொழுது சாயும் வரை வேலை, வார விடுமுறை கிடையாது, கூலியோ சொற்பம். பம்பாய் மில்களில் 1890-லேயே நாராயண மேகாஜி லோகாண்டே போராடி ஞாயிறு விடுமுறை வாங்கிக் கொடுத்திருந்தார். அது கண்டோபா சாமிக்கு உகந்த நாள் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று என்பார்கள். தூத்துக்குடித் தொழிலாளிக்கு அது வந்து சேரவில்லை.

1908 பிப்ரவரி 27. கோரல் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. முன்னால் நின்றவர்கள் வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார். ஊர் தொழிலாளிக்குச் சோறு போட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை, கம்பெனி இறங்கி வந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, அதோடு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை! அதற்கான பில் உடனே வந்தது. மார்ச் 12-ல் மூவரும் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு, நான்கு உயிர்கள். ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார்.

ஆக, எங்கள் ஊரில் ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு வாசல் வழியாக வந்தது. கடற்கரையில் 'அன்றைக்கு வேலை செய்யக்கூடாது' என்ற கட்டளையாக. மில் வாசலில் 'அன்றைக்கு எங்களை வேலை வாங்கக்கூடாது' என்ற உரிமையாக. முன்னது என்னைப் பார்த்துச் சொல்வது, பின்னது முதலாளியைப் பார்த்துச் சொல்வது. தமிழுக்கு இதெல்லாம் முன்பே தெரியும் போலிருக்கிறது. விடுமுறை, விடுப்பு, விடுதலை எல்லாம் 'விடு' என்ற ஒரே வேரில் முளைத்தவை. அறம், பொருள், இன்பம் கழித்து வருகிற 'வீடு'கூட அதில் பிறந்ததுதான். அந்த வீட்டைத்தான் நாம் இருபது வருஷத் தவணையில் வாங்கி, மாசம் அஞ்சாம் தேதி என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறோம்!

மதம் வேண்டாம், மனிதன் போதும் என்று கிளம்பியவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிப் பார்த்ததும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-ல் வாரத்துக்குப் பத்து நாள் என்று புதுக் காலண்டர் போட்டார்கள். ஏழுக்கு ஒரு நாள் லீவு போய்ப் பத்துக்கு ஒரு நாள் ஆயிற்று. உழைப்பாளி எப்படி வாழ்த்தியிருப்பான் என்று நீங்களே யூகிக்கலாம். 1806 பிறந்தபோது அந்தக் காலண்டர் குப்பைக்குப் போயிற்று. சோவியத் ரஷ்யா 1929-ல் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தது. ஐந்து நாள் வாரம், ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்துக்கு ஒரு நாள் லீவு, மில் மட்டும் நிற்கவே நிற்காது. லீவு முன்பைவிட அதிகம்தான். ஆனால் கணவனுக்கு மஞ்சள், மனைவிக்குப் பச்சை! ஒருவர் வீட்டில் இருக்கும் நாளில் மற்றவர் மில்லில். 1940-ல் அவர்களும் ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பி வந்தார்கள். மாமா சொன்னாரே, சும்மா கிடந்தால் எல்லாரும் சேர்ந்து கிடக்கணும் என்று... அது மாஸ்கோவுக்குப் புரியப் பதினோரு வருஷம் ஆயிற்று.

நம்மூரில் காலண்டரை யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமே இல்லை. 2025 ஜனவரியில் நாட்டின் பெரிய கம்பெனி ஒன்றின் தலைவர், ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டு, வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார். நாடே சிரித்தது. சிரித்துவிட்டு ஞாயிறு மத்தியானம் ஆபீஸ் மெயிலைத் திறந்து பார்த்தது.

என் நண்பர் ஒருவர் இங்கே ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் இருக்கிறார். துறைமுகத்துக்கு 2011 முதல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைக்காகச் சண்டை போட்டவர் பெயரில் உள்ள துறைமுகம் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது. கப்பலுக்குக் கிழமை தெரியாது, ஒரு நாள் சும்மா நின்றால் லட்சக்கணக்கில் நஷ்டம். அது புரிகிறது. முறை வைத்து ஆள் போட்டால் தீர்ந்துவிடும். ஆனால் நண்பரின் ஆபீசில் முறை கிடையாது. "யாரையும் கட்டாயப்படுத்தல, வர்றது உங்க இஷ்டம்" என்கிறார் மேனேஜர். வருகிறவர்களுக்கு இன்சென்டிவ். வராதவர்களை ஒன்றும் சொல்வதில்லை, ஏப்ரலில் இன்க்ரிமென்ட் லெட்டர் மட்டும் கொஞ்சம் மெலிந்து வரும்.

வன்பு இல்லை பாருங்கள்! சட்டப்படி சுத்தம். நண்பர் தன் இஷ்டப்படிதான் ஒன்பது ஞாயிறாகப் போய்க்கொண்டிருக்கிறார். வீட்டு லோன் வேணும் என்கிறது, மகளின் ஸ்கூல் ஃபீஸ் வேணும் என்கிறது, பக்கத்து ஸீட்காரர் போகிறார் என்பதே பாதி வேணும். அவர் கிறிஸ்தவர் இல்லை; கோயிலுக்கே தீபாவளி, பொங்கலுக்குத்தான் போவார். அவருடைய ஞாயிற்றுக்கிழமை என்பது மகளை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பீச் ரோட்டில் ஒரு சுற்று. அவ்வளவுதான். அந்தக் குழந்தை இப்போது சனிக்கிழமை ராத்திரியே "அப்பா, நாளைக்குக் கப்பல் வருமா?" என்று கேட்டுவிட்டுத் தூங்குகிறது.

திரேஸ்புரம் மாமா கதையை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவருக்குப் பின்னால ஊர் இருக்கு, சாமியார் இருக்கார். எனக்குப் பின்னால யாரு இருக்கா?" என்றார். கோரல் மில் தொழிலாளிக்குப் பின்னால் ஊர் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. ஒரு பதில் சொல்லத் தோன்றவில்லை.

இந்தக் கடலில் முத்துக் குளிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு என்பார்கள். கீழே இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும். தங்கச்சி தாலி கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது என்பதால் கை அசராதாம். கடைசியாக முத்துச் சிலாபம் நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு பிறந்த நாம் எல்லோரும் கயிறு இல்லாமல் குதிக்கிற சுதந்திரவாதிகள்.

வ.உ.சி.யைப் பற்றி இன்னொரு செய்தி. கோவைச் சிறையில் செக்கிழுத்த அந்த மனிதர், சிறையில் இருந்தபோது ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் புத்தகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். 'மனம் போல வாழ்வு' என்று தலைப்பு. மனம் எப்படியோ வாழ்க்கை அப்படி என்பது சாரம். செக்கில் பூட்டப்பட்டவர் அதை உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார்! வெளியே இருக்கும் சங்கிலியை உடைக்கப் போனதற்காகவே உள்ளே போனவர், உள்ளே இருக்கும் சங்கிலியைப் பற்றியும் யோசிக்காமல் இல்லை. விடுதலையாகி வந்து வறுமையில் உழன்று 1936 நவம்பர் 18-ல் இதே தூத்துக்குடியில் கண்ணை மூடினார். அவருக்கு மாமா கட்சியா, மருமகன் கட்சியா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

நண்பர் போன வாரம் மெல்ல ஒரு காரியம் செய்திருக்கிறார். பக்கத்து ஸீட்காரரையும் இன்னும் நாலு பேரையும் டீக்குக் கூட்டிப்போய், ஆளுக்கு மாசம் ஒரு ஞாயிறு முறைபோட்டு வருவோம், மற்ற மூணு ஞாயிறு போனாலும் இன்சென்டிவ் வேண்டாம் என்று பேசியிருக்கிறார். நாலு பேர் சரி என்றார்கள். ஐந்தாமவர் அவசரமாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மேனேஜருக்கு மெயில் இன்னும் போகவில்லை. வருகிற சனிக்கிழமை ராத்திரி நிலக்கரிக் கப்பல் ஒன்று உள்ளே வருகிறது.